போதகரம்மாவின் பெயர்

ஆராதனை முடிந்து, ஜனங்கள் வண்டிச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் சேதி கடைசி பெஞ்சைத் தாண்டி, வாசல் கேட்டையும் தாண்டிவிட்டது: டைல்ஸ் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது போதகர் பேரை மாற்றிச் சொல்லிவிட்டார். சபை முழுக்கத் தெரிந்துவிட்ட இந்தச் சேதி தெரியாத ஒரே ஆள் போதகர்தான்.

வழக்கம்போல வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கி அனுப்பினார். அன்றைக்குச் சில கைகள் சூடுபட்டதுபோல வெடுக்கென்று விலகின. சில கைகள் தேவைக்குமேல் தங்கின. பாடகர் குழுவில் எல்லாருக்கும் மேலே போய்ப் பாடுகிற அம்மாள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கங்க பாஸ்டர்" என்றாள். எதற்காக என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. "சரிம்மா" என்றார். கொஞ்ச காலமாக எல்லாவற்றுக்கும் அவருடைய பதில் அதுதான். வீடு பற்றி எரிகிறது என்றாலும் சரி என்பார், தீயணைப்பு வண்டி வந்துவிட்டது என்றாலும் சரி என்பார்.

வெஸ்ட்ரி அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோயில்பிள்ளை வந்து நின்றார். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, விளக்குப் போடுவது எல்லாம் அவர் வேலை. கெட்ட சேதியைச் சொல்லும் வேலையும் எப்படியோ அவர் தலையில்தான் விழும்.

"ஐயா, பாப்பாவுக்கு நீங்க சொன்ன பேரு..."

"ஏன், சத்தம் கேக்கலையா?"

"நல்லாவே கேட்டுச்சுங்க. அதுதான் வில்லங்கம். அது அவங்க வெச்ச பேரு இல்லைங்க."

"என்ன பேர் சொன்னேன்?"

கோயில்பிள்ளை பெஞ்சில் இல்லாத தூசியைத் தட்டினார். "அம்மா பேருங்க."

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாங்க. போதகரம்மா."

போதகர் அங்கியை ஹேங்கரில் மாட்டினார். தோள் இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சரிசெய்தார். பிறகு, "சரி" என்றார்.

போதகரம்மா போன மழைக்காலத்தில் இறந்தாள். அடக்க ஆராதனையை நடத்த வரவேண்டிய, வட்டாரப் போதகர்களுக்கெல்லாம் மேலதிகாரியான சூப்பரின்டென்டென்ட் ஐயா, வெள்ளம் போன பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வானமோ பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. காத்திருக்க முடியாத நிலைமை. எனவே போதகரே அங்கியை மாட்டிக்கொண்டு, குடைக்குக் கீழே நின்று, 'நம்முடைய சகோதரியாகிய' என்று தொடங்கிப் பேரைச் சொல்லி, மனைவியை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தார். குரல் நடுங்கவில்லை. கண் கலங்கவில்லை. "விசுவாசம்னா இதுதான்" என்று சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். "ஆளு கல்லு" என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு கட்சியும் இன்றுவரை சமாதானமாகவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிரசங்கம் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் நோவாவின் பேழையில் ஏறினால் இறங்கவே மாட்டார். பிள்ளைகள் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்கும். இப்போது எடுத்த வசனத்தைச் சொல்வார், அதற்கு அர்த்தம் சொல்வார், உட்கார்ந்துவிடுவார். "துக்கத்துல மனுஷன் எவ்வளவு ஆழமா போயிட்டாரு பாருங்க" என்று சபை மெச்சிக்கொண்டது. ஆழமெல்லாம் ஒன்றுமில்லை. சொல்ல அவ்வளவுதான் இருந்தது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் வருத்தமில்லை. பல் பிடுங்குகிறவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க. தொடுவது தெரிகிறது, கன்னம் யாருடையது என்றுதான் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன பேர் யாருடையது என்று சபையில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் எல்லாருக்கும் போதகரம்மா. போதகர் இல்லத்தின் பக்கத்துச் சுவரை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கும் அக்காதான் அவர்களுக்கு விளக்கினாள். அவளுக்கு ஊர் வைத்த பேர் வானொலி. விளம்பர இடைவேளை மட்டும் கிடையாது.

"அடக்கத்துக்கு அடிச்ச போஸ்டர்ல பாக்கலையா? அதே பேருதான். பாவம், அந்த மனுஷன் நெஞ்சுக்குள்ளயே அழுதிட்டிருக்காரு, வாய் வழியா வந்திருச்சு" என்றாள் வானொலி அக்கா. அவள் விசுவாசக் கட்சியும் இல்லை, கல் கட்சியும் இல்லை. தனிக் கட்சி.

அன்று மத்தியானமே டைல்ஸ் கடைக்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டார். கடைக்காரர், அவர் மனைவி, மடியில் பிள்ளை, கடைக்காரரின் அக்கா. இந்த அக்காவுக்கு வீட்டில் பிள்ளையின் அத்தை என்ற பதவி. அந்தப் பதவிக்கு உண்டான அதிகாரங்களை ஒன்றுகூட அவள் வீணாக்குவதில்லை. எல்லாரும் போதகர் இல்லத்துச் சோபாவில் உட்கார்ந்தார்கள். அந்தச் சோபா சபைச் சொத்து. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாமே சபைச் சொத்துதான். மெதடிஸ்ட் போதகர் சில வருஷத்துக்கு ஒருதரம் மாற்றலாகிப் போகிறவர். பெட்டியோடு வருவார், பெட்டியோடு போவார்.

"செத்தவங்க பேரை வெளங்க வேண்டிய பிள்ளைக்கு வெச்சிட்டீங்களே பாஸ்டர், இது அடுக்குமா?" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"தப்புதாம்மா."

"தப்புதான்னு சொன்னா ஆச்சா? காலையிலருந்து பிள்ள பால் குடிக்கல."

"குடிச்சா அண்ணி. ரெண்டு தடவை" என்றாள் பிள்ளையின் தாய், தரையைப் பார்த்தபடி.

"நீ சும்மா இரு."

கடைக்காரர் பேச்சை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். "இத பாருங்க பாஸ்டர். கடையில ஒரு கல்லு மாறிப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பேத்து எடுத்துட்டு வேற பதிச்சுக் குடுப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை தண்ணி தெளிச்சிருங்க. வீடியோக்காரனையும் வரச் சொல்லிடறேன். அவன் எடுத்ததும் வீணாப் போச்சு."

"ஞானஸ்நானம் ஒரு தடவைதான் குடுக்க முடியும்."

"தப்பா குடுத்தாலுமா?"

"தண்ணி பட்டிருக்கு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லியிருக்கு. அது போதும். அது செல்லும்."

"அதாவது கடவுள் பேரெல்லாம் கரெக்ட்டு. எங்க பிள்ள பேரு மட்டும்தான் தப்பு" என்றாள் அத்தை.

போதகர் அதை யோசித்துப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார்.

பிள்ளைக்குத் தாய் தேர்ந்தெடுத்த பேர் ஒன்று உண்டு. வயிற்றில் பிள்ளை அசைய ஆரம்பித்த நாளிலிருந்து ஃபோனில் தேடித் தேடி எடுத்தது. ஏதோ ஒரு தூர தேசத்துப் பாஷையில் விடியற்காலைப் பனி என்று பொருளாம். அத்தை முதன்முதலில் கேட்டபோது, "என்ன இது, தும்முற மாதிரி இருக்கு?" என்றாளாம். இன்றைக்கு அந்தத் தும்மலுக்காகப் போராட வந்திருப்பவளும் அவளேதான்.

அவர்கள் போன பிறகு சூப்பரின்டென்டென்ட் ஐயாவிடமிருந்து ஃபோன் வந்தது. கடைக்காரர் அதற்குள் அங்கேயும் பேசிவிட்டார். சூப்பரின்டென்டென்ட் ஐயாவும் போதகரும் இறையியல் கல்லூரியில் ஒரே அறை, ஒரே சோப்பு.

"ஏம்ப்பா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"தெரியாம வந்திருச்சு."

"தெரிஞ்சு யாராவது பண்ணுவாங்களா? மறுபடி ஞானஸ்நானம் குடுக்குற வேலை வெச்சுக்காத. சட்டத்துல இடமில்ல. ஞாயித்துக்கிழமை பிள்ளைய முன்னால கூப்பிடு. போன வாரம் நான் இன்ன பேரைச் சொன்னேன், அது தவறு, அது இந்தப் பிள்ளையின் பேர் அல்ல, இதன் பேர் இது. ரெண்டு வரி. சொல்லிட்டு ஜெபம் பண்ணி உக்காரு."

"இன்ன பேர்னு சொல்லணுமா?"

"பின்ன? எதை வாபஸ் வாங்குறேன்னு சொல்லாம எப்படி வாபஸ் வாங்குவ?"

போதகர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"இங்க பாரு. அடுத்த மாசம் மாநாடு. ஒவ்வொரு போதகர் பேரா வாசிப்பாங்க, இவர்மேல ஏதாவது குற்றம் உண்டான்னு கேப்பாங்க, நான் எந்திரிச்சு ஒன்னுமில்லன்னு சொல்லணும். அந்த நேரத்துல ஒருத்தன் கை தூக்கினான்னு வெச்சுக்க, உன்னை ஊழியத்துலருந்து ஓய்வுல அனுப்புன்னு மேல சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த வீடும் இல்ல. எங்க போவ? புரியுதா?"

"சரி" என்றார் போதகர்.

திங்கட்கிழமை நற்கருணைக் கிண்ணங்களைக் கழுவினார். மெதடிஸ்ட் சபையில் திராட்சைச் சாறுதான், அதுவும் ஆளுக்கொரு விரற்கடைக் கண்ணாடிக் கிண்ணத்தில். முன்பு கழுவியது போதகரம்மா. சமையலறைத் தொட்டியில் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டே அந்த இரண்டு வரியைச் சொல்லிப் பார்த்தார். 'போன வாரம் நான்' என்று தொடங்கினார். பேர் வர வேண்டிய இடத்தில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். அதே இடத்தில் நின்றுவிட்டது. அறியாமல் வந்த பேர், அறிந்து கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. அவருக்கு அதில் துக்கம் ஏதும் தோன்றவில்லை. நின்றுபோன மோட்டாரைப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கே அடைத்துக்கொண்டது என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

வேலை காத்திருக்குமா? செவ்வாய்க்கிழமை புதிதாகத் திறந்த டயர் கடையில் ஜெபம். உருளுகிற ஒவ்வொரு சக்கரத்தையும் கர்த்தர் காக்கட்டும் என்று வேண்டினார். முதலாளி ஆமென் சொல்லிவிட்டு, ரொம்பவும் காத்துவிட்டால் வியாபாரம் என்னாவது என்று தனக்குள் முணுமுணுத்தார். புதன்கிழமை, மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் இருக்கும் அக்கா தங்கை இருவருக்கும் சமாதானம் செய்துவைக்கப் போய், மூன்றாவது எதிரியாகத் திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். மூக்கில் குழாய் இருந்தாலும் வாய் ஓயவில்லை.

"பாஸ்டர், என் அடக்கத்துக்கு நீங்கதானே?"

"அதுக்கு என்ன அவசரம்?"

"இல்ல, பேரை மாத்திச் சொல்லிடாதீங்க. என் பங்காளி பேரு வாயில வந்துச்சுன்னு வைங்க, அவன் ஓசியிலயே மோட்சத்துக்குப் போயிருவான். சாகுறது நானு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். போதகரும் சிரித்தார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவருக்கு இன்னும் மறந்துபோகவில்லை.

தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வரியை எடுத்துப் பார்ப்பார். தினமும் அதே இடத்தில் நின்றது. பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. இத்தனை மாதத்தில் அவர் சொல்ல முடியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. மரணம் என்று சொன்னார், உயிர்த்தெழுதல் என்று சொன்னார், டயர் என்று சொன்னார், எல்லாம் ஒரே எடையில் வந்தது. இந்த ஒரு பேர்தான் வரமாட்டேன் என்கிறது. மரத்துப்போன உடம்பில் மரத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அதையும் எல்லார் முன்னிலையிலும் எடுத்து வைத்துத் தவறு என்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் வீடு மிஞ்சும், வேலை மிஞ்சும். வேறு என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையின் தாய் தனியாக வந்தாள். வெஸ்ட்ரி வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணிக்குத் தெரியாம வந்தேன் பாஸ்டர். மருந்துக் கடைக்குன்னு சொல்லிட்டு."

"உக்காரும்மா."

"அவங்க எப்படிப்பட்டவங்க? நாங்க இந்தச் சபைக்கு வந்தப்ப அவங்க படுத்த படுக்கை. நான் பாத்ததே இல்ல. என் பிள்ளைக்கு ஒரு வாரம் அவங்க பேரு இருந்திருக்கு, அதான் கேக்குறேன்."

அடக்கத்தில் அவளைப் பற்றி நிறையப் பேசியிருந்தார்கள். விருந்தோம்பல், பொறுமை, ஜெப வாழ்க்கை. அதில் ஏதாவது ஒன்றை எடுத்துச் சொல்லலாம் என்றுதான் போதகர் வாயைத் திறந்தார்.

"எந்தக் கதவையும் சாத்த மாட்டா" என்றார். "பீரோவைத் திறந்தா திறந்தபடி. அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான். நான் பின்னாலயே போய்ச் சாத்திட்டே இருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுல யாருக்கும் தெரியாம அந்தப் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன் பாஸ்டர். திரும்பிப் பாத்தா."

"இந்த வயசுல எந்தச் சத்தத்துக்கும் திரும்பும்."

"ஆமா, குக்கர் விசில் அடிச்சாலும் திரும்புறா." பிள்ளையைத் தோள் மாற்றினாள். "நல்ல பேருதான். ஆனா எனக்கு என் பேரு வேணும் பாஸ்டர். அந்த வீட்டுல நான் சொல்லி நடந்த ஒரே காரியம் அதுதான். நீங்க ஞாயித்துக்கிழமை தெளிவா சொல்லிடுவீங்கல்ல? முழுங்கிடாதீங்க."

"சொல்லிடறேன்ம்மா" என்றார் போதகர். அந்த வாரத்தில் அவர் வெறும் 'சரி' என்று சொல்லாமல் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. தங்கள் சொந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆட்களெல்லாம் முன் பெஞ்சுக்கு முட்டி மோதினார்கள். பாடகர் குழு அம்மாள் கைக்குட்டை இரண்டு கொண்டுவந்திருந்தாள், ஒன்று உபரி. வானொலி அக்கா தூணுக்குப் பக்கத்தில், போதகர் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பிடித்திருந்தாள்.

அறிவிப்புகளுக்கு முன்னால் போதகர் பிள்ளையை அழைத்தார். தாய் தூக்கி வந்தாள். கடைக்காரர் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், வீடியோக்காரர் எதிரே.

"போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நான் வேறொரு பெயரைச் சொல்லிவிட்டேன்" என்றார். நிறுத்தினார். "அது தவறு. இந்தப் பிள்ளையின் பெயர்..."

"எந்தப் பேருன்னு சொல்லிருங்க பாஸ்டர்" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள். கையருகே இருந்த மைக் அதைப் பெரிதாக்கிவிட்டது.

போதகர் தாயைப் பார்த்தார். அவள் பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் தம் அங்கியின் முன்பக்கத்தை ஒருதரம் தடவிவிட்டுக்கொண்டார். பிறகு மனைவியின் பெயரைச் சொன்னார். தெளிவாக, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னார். "அது என் மனைவியின் பெயர். இந்தப் பிள்ளையின் பெயர் அல்ல" என்றார். பிறகு அந்தத் தூர தேசத்துப் பேரை ஒரு எழுத்தும் பிசகாமல் உச்சரித்து, பிள்ளையின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொன்னார். மாதர் சங்கக் கூட்டம் வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்றும், வண்டிகளைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்த வேண்டாம் என்றும் அதே குரலில் அறிவித்தார்.

பாடகர் குழு அம்மாளின் கைக்குட்டைகள் மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பின. சபைக்குப் பெரிய ஏமாற்றம். வாசலில் கைகுலுக்கும்போது வானொலி அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க அழுதிருவீங்கன்னு நெனச்சோம் பாஸ்டர்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றார் அவர்.

மத்தியானம் வீட்டில் சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். தட்டை எடுத்து வைத்தார். சோற்றைப் போடவில்லை. அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார். வந்தது. எங்கேயும் முட்டாமல், எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்போல வந்தது. இன்னொருதரம் சொன்னார், வந்தது. சத்தமாகச் சொன்னார். மெல்லச் சொன்னார். கோபமாக, கெஞ்சலாக, பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல் எல்லாம் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் டயர் என்று சொல்வதுபோலத்தான் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவருக்குப் பயம் வந்தது. சின்னப் பயம்தான். பையைத் தடவிப் பார்த்துச் சாவி இல்லை என்று தெரியும்போது வருகிற பயம்.

சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி அக்கா, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், அவசரத்துக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். போதகர் செத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது காதில் விழுந்ததும் மெஷினை மெதுவாக மிதித்தாள்.

மேஜை முன்னால் போதகர் யோசித்தார். ஆராதனைகளில் இந்தப் பேரைச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தில், பீடத்துக்கு முன்னால், இன்னாராகிய உன்னை என்று உறுதிமொழி சொன்னபோது. கல்லறையில் குடைக்குக் கீழே. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில். எல்லாம் கோயில் குரல். வீட்டுக்குள் அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. அவர் வயசு ஆம்பிளைகளில் எத்தனை பேர் கூப்பிட்டார்கள்? கல்யாணமான மறுநாள் ஒரு சொல்லில் கூப்பிட்டார். ஊர் ஊராக மாற்றலாகிப் போனபோதும், வீடு வீடாகச் சபைச் சொத்துச் சோபாக்கள் மாறியபோதும், அந்தச் சொல் மாறவில்லை. இந்தா, என் கண்ணாடியப் பாத்தியா. இந்தா, துண்ட எடுத்துப் போடு. இந்தா, யாரோ பெல் அடிக்கிறாங்க பாரு. அதில் பேர் இல்லை, முகவரி இல்லை. கூப்பிட்டால் வருகிற ஆள் ஒருத்திதான்.

சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்..." என்றார்.

மீதி வரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. வானொலி அக்கா காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். இதை அவள் யாரிடமும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய துக்க அனுஷ்டிப்பு என்று.